மூச்சைப் பிடிக்காதே: தண்ணீருக்கடியில் மனிதன் பயந்து பயந்து படித்த பாடம்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, டீயை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண் போன் செய்தாள். இப்போது சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறாள், பையனுக்கு 12 வயது. குடும்ப விஷயமெல்லாம் பேசி முடித்த பிறகு, "சார், ஒண்ணு கேக்கணும், சிரிக்கக் கூடாதுங்க" என்றாள். 2016-ல் அந்தமான் போயிருந்தபோது ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சி எடுத்துச் சான்றிதழும் வாங்கியிருக்கிறாள். அதன் பிறகு கடலில் இறங்கவே இல்லை. இப்போது பையன் தானும் கற்றுக்கொண்டு அம்மாவோடு சேர்ந்து கடலில் இறங்க ஆசைப்படுகிறான். விடுமுறைக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று.

"என்னம்மா பிரச்சினை? கார்டுதான் இருக்குதே?"

"கார்டு இருக்குதுங்க சார். ஆனா பயமா இருக்குது. எப்படி மூச்சு விடணும்ங்கிறதே மறந்துபோன மாதிரி இருக்குது."

பிறகு மெதுவாக இன்னொன்றையும் சொன்னாள். அன்று அவள் இறங்கிய கடைசி முக்குளிப்பில், எட்டு மீட்டர் ஆழத்தில் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மூக்கில் ஏறியதும் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் மேலே பாய்ந்திருக்கிறாள். பயிற்சியாளர் காலைப் பிடித்து நிறுத்தி, முகத்துக்கு நேராக வந்து, மூச்சு விடச் சொல்லிச் சைகை காட்டி, மெதுவாக மேலே கூட்டி வந்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. இது வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. இப்போது போகவிருக்கும் இடத்தில் விசாரித்தபோது, "கார்டு இருந்தா போதும் மேடம், சைக்கிள் ஓட்டுற மாதிரிதான், மறக்காது" என்றார்களாம்.

எனக்குக் கிணற்று நீச்சல்தான் தெரியும். கடலுக்குள் முழங்காலுக்கு மேல் போனதில்லை. "ரெண்டு வாரம் டைம் குடு கண்ணு, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகத் தெரிந்தது. முக்குளிப்பின் வரலாறு என்பது பயத்தின் வரலாறுதான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் போடாமல் எழுத அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

முதலில் நம் பக்கத்துக் கடலிலிருந்து தொடங்குவோம்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் எவ்வளவு பழமையானது என்று உங்களுக்குத் தெரியும், சமூக அறிவியலில் படித்திருக்கிறீர்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ அதைப் பற்றி விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அவர் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. பெரிய மீன்கள் முக்குளிப்பவர்களைக் கடிக்காமல் இருக்க மந்திரம் சொல்வதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். கிடைக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. அந்த மந்திரக்கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், திருடர்கள் இறங்கிவிடக் கூடாதே!

பிற்காலத்தில் அந்த ஆளுக்குக் கடல்கட்டி என்று பெயர். கடலைக் கட்டுகிறவர். 19-ஆம் நூற்றாண்டில்கூட, கடல்கட்டி வராமல் முக்குளிப்பவர்கள் இறங்க மறுத்தார்கள். மூடநம்பிக்கை என்று சிரித்த ஆங்கிலேய அதிகாரிகளே அவருக்கு அரசுப் பணத்தில் கூலி கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் வேலை நடக்காது. சுறாவை மந்திரம் கட்டியதோ இல்லையோ, மனிதனின் பயத்தைக் கட்டியது.

ஆனால் அந்த மனிதர்கள் மந்திரத்தை மட்டும் நம்பி இறங்கவில்லை. இரண்டு பேருக்கு ஒரு கல். ஒருவர் கல்லில் கால் வைத்து இறங்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிற்றுக்காரர் மேல் நம்பிக்கை இல்லாமல் யாரும் இறங்கமாட்டார்கள். பெரும்பாலும் ஐந்து முதல் பத்து பாகம் ஆழம், அதாவது ஏறத்தாழ 9 முதல் 18 மீட்டர். ஒரு நிமிடம், அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. இன்றைக்கு ஸ்கூபா பயிற்சியில் முதல் நிலைச் சான்றிதழ் வாங்கியவருக்கு விதிக்கப்படும் எல்லையும் இதே 18 மீட்டர்தான். நம் ஆட்கள் அதைச் சிலிண்டர் இல்லாமல், நெஞ்சில் இருக்கும் ஒரே மூச்சோடு செய்தார்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் அப்படிப்பட்ட பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முத்துக்குளிப்பவர் மேலேயே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். நாமும் கிணற்றில் அப்படித்தான் படித்தோம். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டு, "மூச்சைப் புடிச்சுக்கோ" என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் போகும் மனிதனுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம், மூச்சைப் பிடி.

ஸ்கூபாவில் முதல் பாடம் அதற்கு நேர் எதிரானது. எந்தக் காரணத்துக்காகவும் மூச்சைப் பிடிக்காதே.

ஏன்? இதற்கு 1662-ல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதிதான் பதில். ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். அழுத்தம் கூடினால் காற்றின் கன அளவு குறையும், அழுத்தம் குறைந்தால் கன அளவு கூடும். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பத்து மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. முத்துக்குளிப்பவரின் நெஞ்சில் இருக்கும் காற்று கீழே போகும்போது பாதியாகச் சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும். ஆபத்தில்லை. ஸ்கூபாக்காரரோ கீழேயே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு பத்து மீட்டர் மேலே வந்தால், அதே காற்று இரண்டு மடங்காகும். நுரையீரல் ரப்பர் பலூன் இல்லை, கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் காற்று ரத்தத்தில் கலந்தால் மூளைக்குப் போகும். இதற்குப் பெரிய ஆழம்கூட வேண்டாம், நீச்சல் குளத்தின் ஆழமே போதும்.

இப்போது புரிகிறதா, அந்தப் பயிற்சியாளர் ஏன் அவள் காலைப் பிடித்து நிறுத்தினார் என்று? எட்டு மீட்டரில் அவளைக் கொல்லக்கூடியது மூக்கில் போன தண்ணீர் இல்லை. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வதுதான்.

இந்த அறிவெல்லாம் எளிதாக வந்ததில்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ அடிபட்டிருக்கிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் ஆற்றுக்குள் பாலத்துக்கு அஸ்திவாரம் போட, பெரிய பெட்டியைக் கவிழ்த்து இறக்கி, உள்ளே அழுத்தமான காற்றைச் செலுத்தித் தண்ணீரை வெளியே தள்ளி, தொழிலாளர்களை உள்ளே அனுப்பித் தோண்டினார்கள். வேலை முடிந்து வெளியே வந்தவர்கள் மூட்டு வலியில் சுருண்டு விழுந்தார்கள். சிலருக்குக் கால் விளங்காமல் போனது, சிலர் இறந்தார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ஈட்ஸ் பாலம் கட்டும்போது இப்படிப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வலியில் குனிந்து நடந்ததால் அந்த நோய்க்கு 'பெண்ட்ஸ்' என்று தொழிலாளர்களே பெயர் வைத்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872-ல் இதே நோயில் விழுந்தார். அதன் பிறகு அவர் மனைவி எமிலி, கணவரின் குறிப்புகளைக் கட்டுமான இடத்துக்குக் கொண்டுபோய், பொறியாளர்களோடு பேசி, 1883-ல் பாலம் திறக்கும்வரை வேலையை நடத்திக் கொடுத்தார். அந்த அம்மாவைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் பிரான்சு நாட்டின் பால் பேர். 1878-ல் வெளியிட்ட பெரிய நூலில் அவர் விளக்கினார். அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. அழுத்தம் சட்டென்று குறைந்தால் அது குமிழியாக வெளிவருகிறது. கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி உள்ளே இருக்கும்வரை குமிழி தெரியாது. அழுத்தித் திறந்ததும் புஸ்ஸென்று பொங்கும். மெதுவாகக் காற்றை விட்டுத் திறந்தால் பொங்காது. ஆகவே மெதுவாக மேலே வா என்றார் பால் பேர்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு குடும்பம் வருகிறது.

ஜே.எஸ். ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானியிடம் பிரிட்டிஷ் கடற்படை இந்தக் கேள்வியைக் கொடுத்தது. அவர் லண்டனில் ஓர் இரும்பு அறைக்குள் ஆடுகளை விட்டு அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். ஆடு ஏன் என்றால், அதன் உடல் எடை எலி, முயலைவிட மனிதனுக்கு நெருக்கம். மூட்டு வலித்தால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். நம் ஊரில் ஆடு மேய்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இரண்டு வளிமண்டல அழுத்தத்திலிருந்து ஒன்றுக்குச் சட்டென்று வந்தால் பெண்ட்ஸ் வருவதில்லை என்று ஹால்டேன் கவனித்தார். அதிலிருந்து, அழுத்தத்தைப் பாதியாகக் குறைப்பதுவரை பயமில்லை, பிறகு படிப்படியாக நின்று நின்று வர வேண்டும் என்று கணக்குப் போட்டார். 1908-ல் பாய்காட், டமான்ட் என்ற இருவரோடு சேர்ந்து அட்டவணையாக வெளியிட்டார். இன்றைய முக்குளிப்பாளர் கையில் கட்டியிருக்கும் கணினியும் அந்தக் கணக்கின் பேரப்பிள்ளைதான்.

1906-ல் ஸ்காட்லாந்துக் கடலில் சோதனை நடந்தபோது, ஹால்டேன் தன் 13 வயது மகனையும் முக்குளிப்பு உடை போட்டு இறக்கினார். பெரிய ஆளுக்குத் தைத்த உடை, பையனுக்குப் பொருந்தவில்லை. மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் புகுந்து உடைக்குள் ஏறிவிட்டது. அந்தப் பையன்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஜே.பி.எஸ். ஹால்டேன். 1939-ல் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்த பிறகு, அவரும் அப்பாவைப் போலவே அழுத்த அறைக்குள் தானே உட்கார்ந்து சோதனை செய்தார். செவிப்பறை கிழிந்தது. அழுத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுவாசித்து வலிப்பு வந்ததில் முதுகெலும்பு நசுங்கியது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், "ஆக்ஸிஜன் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறார்கள்" என்று நாம் சொல்வது தவறு. சாதாரண ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. சுத்த ஆக்ஸிஜன் சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே நஞ்சாக மாறும். அதையும் முதலில் கண்டவர் பால் பேர். தன் உடம்பிலேயே அறிந்தவர் இந்த ஹால்டேன்.

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்துவிட்டார். 1961-ல் இந்தியக் குடிமகனானார், 1964-ல் புவனேசுவரத்தில் காலமானார். அவர் விருப்பப்படி உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். தண்ணீர் புகுந்த உடைக்குள் நின்ற அந்த 13 வயதுப் பையனின் கடைசி ஊர் நம் கிழக்குக் கடற்கரைதான்.

சரி, ஸ்கூபாவுக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்சில் பெட்ரோல் கிடையாது. கரி வாயுவில் கார் ஓட்டினார்கள். அதற்குத் தேவையான அளவு வாயுவை மட்டும் விடும் ஒரு வால்வை எமில் காஞான் என்ற பொறியாளர் செய்திருந்தார். கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோ அதைப் பார்த்து, இழுக்கும்போது மட்டும் காற்று தரும் கருவி இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். 1943 தொடக்கத்தில் பாரிஸ் அருகே மார்ன் ஆற்றில் முதல் சோதனை. படுத்து நீந்தினால் நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது, தலைகீழானால் இழுக்கவே முடியவில்லை. மூச்சு வெளியேறும் இடமும் உள்ளே வரும் இடமும் ஒரே மட்டத்தில் இல்லாததுதான் காரணம் என்று காஞான் கண்டுபிடித்துச் சரிசெய்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம் கூஸ்தோ மத்தியதரைக் கடலில் மீனைப் போல நீந்தினார். அந்தக் கருவிதான் அக்வாலங். இன்றைய எல்லா ரெகுலேட்டருக்கும் அதுவே மூலம்.

கருவி வந்துவிட்டது. ஆனால் பாடம் சொல்லித்தர ஆள் இல்லை, ஏனென்றால் முன்னால் போனவர் யாரும் இல்லை. கண்டுபிடித்தவர்களே அடிபட்டுத்தான் கற்றார்கள். 1946-ல் கூஸ்தோவும் நண்பர் தூமாவும் தெற்குப் பிரான்சில் வோக்லூஸ் என்ற ஆழமான ஊற்றுக் குகையில் இறங்கினார்கள். உள்ளே போனதும் இருவருக்கும் மந்தமாகிவிட்டது, வந்த வேலையே மறந்தது, தூமா மயங்கும் நிலை. கயிற்றைப் பிடித்து மேலே நின்ற மோரிஸ் ஃபார்க் என்ற தோழர் இழுத்து ஏற்றியதால் பிழைத்தார்கள். நம் தோணிக் கயிற்றுக்காரரை நினைத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால், சிலிண்டரில் காற்று நிரப்பிய இயந்திரம் தன் புகையையே இழுத்து உள்ளே அடைத்திருக்கிறது! காற்று எங்கே நிரப்பப்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்ற விதி அங்கே பிறந்தது.

அடுத்த ஆண்டு, 1947-ல், அதே ஃபார்க் ஆழச் சோதனைக்கு இறங்கினார். கயிற்றில் குறிப்பிட்ட ஆழங்களில் பலகை கட்டியிருந்தார்கள், அங்கே போனவர் கையெழுத்துப் போட வேண்டும். 120 மீட்டரை ஒட்டிய பலகையில் அவர் கையெழுத்து இருந்தது. ஆனால் அவர் உயிரோடு மேலே வரவில்லை. ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதையில் வாயிலிருந்த குழாய் நழுவிவிட்டது. நண்பர்களின் உயிரைக் காத்தவர் அக்வாலங்கோடு இறங்கி இறந்த முதல் மனிதரானார்.

1950-களில் அமெரிக்காவில் விளையாட்டுச் சாமான் கடைகளிலேயே அக்வாலங் விற்றார்கள். பணம் கொடுத்தால் போதும், வாங்கி மாட்டிக்கொண்டு கடலில் இறங்கலாம். பயிற்சி இல்லை, சான்றிதழ் இல்லை. கலிபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் கான்ராட் லிம்பா என்ற இளம் உயிரியலாளர், தன் சக ஆய்வாளர்களுக்கு ஒழுங்கான பாடத்திட்டம் வகுத்துச் சொல்லிக்கொடுத்தார். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் கடற்கரைக் காவலர்கள் 1954-ல் அவரிடம் போய்ப் படித்துவந்து, பொதுமக்களுக்கு வகுப்பு தொடங்கினார்கள். அமெரிக்காவில் பொதுமக்களுக்கான ஸ்கூபா வகுப்புகள் அங்கிருந்து வளர்ந்தன. 1960-ல் நவுய், 1966-ல் பாடி என்று பயிற்சி அமைப்புகள் வந்தன. பாடியைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சாமான் விற்பனையாளர், இன்னொருவர் ரால்ஃப் எரிக்சன் என்ற நீச்சல் ஆசிரியர். பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, ஒரு படியைச் சரியாகச் செய்த பிறகே அடுத்த படி என்று அவர் வகுத்தார். நாங்கள் ஆசிரியர் பயிற்சியில் படித்ததும் இதைத்தானே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பிறகு கார்டு இல்லாவிட்டால் சிலிண்டரில் காற்று நிரப்பமாட்டோம் என்று கடைகள் சொல்லத் தொடங்கின.

பாடத்திட்டம் வகுத்த லிம்பா என்ன ஆனார்? 1960 மார்ச்சில் பிரான்சின் மார்சேய் அருகே ஒரு கடலடிக் குகையில் இறங்கி, உடன் வந்தவரைப் பிரிந்து, வழி தவறி இறந்துபோனார். அன்றைய அமெரிக்காவின் மிகத் தேர்ந்த முக்குளிப்பாளர்களில் ஒருவர், 40 வயதுகூட ஆகாதவர். இதைப் படித்துவிட்டு அன்று இரவு புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இன்னொரு வேடிக்கையான செய்தியும் சொல்கிறேன். மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 60 அடி என்று பல ஆண்டுகள் எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள். இது ஆய்வுக் கூடத்தில் பிறந்த எண் இல்லை. 1950-களில் அமெரிக்கக் கடற்படையில் நடந்த பேரம். கனமான செம்புத் தொப்பி போட்ட பழைய முக்குளிப்பாளர்கள் 25 அடிக்கு மேல் முடியாது என்றார்கள். சிலிண்டர் கட்டி நீந்தும் படையினரின் தலைவர் ஃபேன் 100 அடி வேண்டும் என்றார். நடுவில் 60 என்று முடித்தார்கள், விநாடிக்கு ஓர் அடி, கணக்குக்கும் எளிது! பிற்பாடு குமிழிகளைக் கருவி வைத்துக் கேட்டுப் பார்த்த பிறகு, 1993-ல் கடற்படையே அதை 30 அடியாகக் குறைத்தது. அதாவது ஏறத்தாழ 9 மீட்டர். இன்று மேலே வருமுன் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்கிறார்கள். விதிகளும் தேர்வு எழுதித் தோற்றுத் திருந்தியவைதான்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். 1990-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மார்கன் என்ற உளவியல் பேராசிரியர் முக்குளிப்பாளர்களிடம் கேட்டுப் பார்த்தார். பாதிக்கும் மேற்பட்டோர், ஒருமுறையாவது தண்ணீருக்கடியில் பீதி பிடித்ததாக, அல்லது பீதியின் விளிம்புக்குப் போனதாக ஒப்புக்கொண்டார்கள். 2008-ல் வந்த இன்னோர் ஆய்வு, 1992 முதல் 2003 வரை நடந்த 947 மரணங்களை அலசியது. காரணம் கண்டறிய முடிந்தவற்றில் சங்கிலியின் முதல் கண்ணி 41 சதவீதத்தில் சிலிண்டரில் காற்று தீர்ந்தது. அடுத்த பெரிய கண்ணி, அவசரமாக மேலே பாய்ந்தது. சுறா எங்கேயோ கடைசியில் இருக்கிறது. கடல்கட்டி இன்று இருந்தால் சுறாவைக் கட்டமாட்டார், அழுத்தமானியைப் பார் என்பார்.

இதையெல்லாம் படித்து முடித்ததும் எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. உறவினர்கள் சிலருக்கு மட்டும் தெரியும்.

நான் 1981-ல் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தது ஏழு வருடம். நூல் கடையில் கணக்கு எழுதினேன், காட்டு வேலை செய்தேன். 1988-ல் ஆணை வந்தது. முதல் நாள் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்றபோது கை நடுங்கியது, கரும்பலகையில் தேதி எழுதவே சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது. பையில் சான்றிதழ் இருக்கிறது, தலைக்குள் ஒன்றுமில்லை. மதியம் தலைமை ஆசிரியரிடம் போய், "ஐயா, எனக்கு எல்லாம் மறந்துபோச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு, "ஒரு வாரம் என் வகுப்புல கடைசி பெஞ்ச்ல உக்காந்து பாருங்க தம்பி" என்றார். ஒரு வாரம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். எட்டாம் நாள் என் வகுப்புக்குப் போனேன். அதன் பிறகு முப்பது வருடம்.

அன்று நான் அவரிடம் சொல்லாமல் சமாளித்திருந்தால், நஷ்டப்பட்டிருப்பது நாற்பது பிள்ளைகள்தான். கடலுக்கடியில் சமாளித்தால் நஷ்டம் அதைவிடப் பெரியது.

அவளுக்குப் போன் செய்து இதைத்தான் சொன்னேன். "கார்டுக்குக் காலாவதி கிடையாது கண்ணு. ஆனா கைக்கும் மூச்சுக்கும் உண்டு. ஒரு வருஷம் விட்டுட்டாலே மறுபயிற்சி எடுக்கச் சொல்றாங்க, நீ எத்தனை வருஷம் விட்டிருக்கே! சைக்கிள்னு சொன்னவங்ககிட்ட போகாதே. சைக்கிள்ல விழுந்தா முட்டிதான் தேயும். டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டு. சொல்லிக்குடுக்கறவர்கிட்ட அன்னைக்கு நடந்ததை மறைக்காமச் சொல்லு. வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பையன் முன்னாடி பயந்தா நல்லா இருக்குமாங்க சார்?" என்றாள்.

"நாளைக்கு அவன் பயப்படும்போது உன்கிட்ட வந்து சொல்லணுமா, மறைக்கணுமா? நீ இப்ப செய்யறதைப் பார்த்துத்தான் அவன் படிப்பான்" என்றேன்.

போன ஞாயிறு மறுபடி போன் வந்தது. அந்த டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். சென்னையிலேயே ஒரு நீச்சல் குளத்தில் இரண்டு நாள் மறுபயிற்சி. பயிற்சியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம். அவர் வேறெதுவும் ஆரம்பிக்காமல், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் முட்டி போட வைத்து, முகக் கண்ணாடியில் தண்ணீர் விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவதை மட்டும் செய்யச் சொன்னார். முதல் இரண்டு முறை எழுந்து நின்றுவிட்டாள். மூன்றாவது முறை நின்றாள், ஆனால் மூச்சு விட்டுக்கொண்டே. நான்காவது முறை எழவில்லை. பக்கத்துத் தடத்தில் பையனுக்கு முதல் வகுப்பு நடந்துகொண்டிருந்ததாம். அவன் கண்ணாடியில் தண்ணீர் புகுந்து மிரண்டபோது, இவள் அவன் எதிரில் போய், கையை நெஞ்சில் வைத்து, மெதுவாக இழு, மெதுவாக விடு என்று காட்டியிருக்கிறாள். எட்டு மீட்டரில் அவளுக்கு யாரோ காட்டிய அதே சைகை.

"அடுத்த மாசம் புதுச்சேரியில கடல்ல இறங்கறோம் சார். ஆறு மீட்டர்தான். அதுக்கு மேல இந்தத் தடவை வேண்டாம்னு நானே சொல்லிட்டேன்" என்றாள். "பயம் போயிடுச்சா?" என்று கேட்டேன். "இல்லீங்க சார், இருக்குது. ஆனா என்ன செய்யணும்னு தெரியுது" என்றாள்.

எனக்கு அது போதும்.

கார்டு, பட்டம், லைசென்ஸ் என்று ஏதோ ஒன்றைப் பல வருடம் பெட்டியில் வைத்துவிட்டு இப்போது மறுபடி எடுக்கத் தயங்குகிறவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். பிள்ளை வளர்ந்த பிறகு வேலைக்குத் திரும்ப நினைக்கிற பெண்களும் இருப்பீர்கள். கூச்சப்படாமல் கடைசி பெஞ்சில் ஒரு வாரம் உட்காருங்கள். மூச்சை மட்டும் பிடிக்காதீர்கள்.

தகவலில் பிழை ஏதும் இருந்தால் கருத்தில் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். உங்களில் கடலில் இறங்கிய அனுபவம் உள்ளவர்கள் அதையும் எழுதுங்கள், அவள் படிப்பாள்.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்.